திருமங்கலம், மதுரைப் பக்கம் ஏஏ மீட்டிங்: எப்படித் தேடுவது, உள்ளே என்ன நடக்கும்?

திருமங்கலம்_தம்பி

வணக்கம். அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 44, லேத் பட்டறை வேலை. தினமும் இரண்டு குவாட்டர், ஞாயிறு என்றால் கணக்கில்லை. காலையில் கை நடுங்குகிறது என்று, முந்தின ராத்திரி எடுத்துவைத்ததில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டுதான் பட்டறைக்கே கிளம்புகிறார். இந்த வாரம் அவராகவே வாய் திறந்து, “அந்த மீட்டிங் எங்க நடக்குதுன்னு பாரு, ஒருநாள் போய்த்தான் பார்ப்போம்” என்றார். சூடு ஆறுவதற்குள் கூட்டிப் போக வேண்டும்.

தேடினால் தனியார் மையங்களின் போன் நம்பராக வருகிறது. உண்மையான ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்டணுமா, பெயர் பதிவார்களா, பட்டறை முதலாளிக்குத் தெரியவருமா? நானும் உள்ளே உட்காரலாமா? இன்னொன்று: அண்ணன் கறுப்புச் சட்டைக்காரர். மீட்டிங் சர்ச்சில் நடக்குது, சாமி கும்பிடச் சொல்வாங்க என்று யாரோ சொல்லி, அதில் ஒரு தயக்கம். வரும் திங்கள் முதல் ஒரேயடியாக நிறுத்திவிட்டுப் போகலாம் என்றும் சொல்கிறார்.

---

ஏழரை_மணி

முதலில் தேடுவதைச் சொல்கிறேன்.

ஏஏ ஆஸ்பத்திரியும் இல்லை, மறுவாழ்வு மையமும் இல்லை. கட்டடம், கட்டில், வண்டி எதுவும் கிடையாது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒரு வாடகை அறையில் ஒன்றரை மணி நேரம் கூடிப் பேசிக் கலைவது, அவ்வளவுதான். அதனால் போனில் எடுத்தவுடன் “பேஷண்ட் அட்ரஸ் சொல்லுங்க, வண்டி அனுப்புறோம்” என்றோ, மாதம் இவ்வளவு என்றோ பேச்சு வந்தால் அது ஏஏ இல்லை என்று வைத்துவிடுங்கள்.

ஏஏ-யின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் உதவி எண்ணும் ஊர்வாரிக் கூட்டப் பட்டியலும் இருக்கும். பட்டியலை மட்டும் நம்பிப் பஸ் ஏறாதீர்கள். குழுக்கள் பள்ளிக்கூட வகுப்பறையிலும் சர்ச் ஹாலிலும் நடப்பவை. பரீட்சை வந்தால் வகுப்பறை கிடைக்காது, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரத்தில் ஹால் வேறு வேலைக்குப் போய்விடும், நேரம் மாறும், பட்டியல் பழையபடியே நிற்கும். முதல்முறை வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்தால் திரும்பி வரும் வழியில் கடைதான். எனவே முதல் நாள் சாயங்காலமே போன் பண்ணி இத்தனையும் கேளுங்கள்: நாளைக்கு நிச்சயம் உண்டா, எத்தனை மணிக்கு, எந்த வாசல், எந்த மாடி, தமிழிலா ஆங்கிலத்திலா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, வாசலில் யாராவது நிற்பார்களா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். புதியவர் வருகிறார் என்று சொன்னால் ஒருவர் தெருமுனைக்கே வந்து நிற்பார்.

போர்டு பெரிதாக இருக்காது. பல இடங்களில் வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட ஒரு சின்ன அட்டை, அதையும் கூட்டம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். கண்ணில் படவில்லை என்றால் வாட்ச்மேனிடம் “ஏஏ மீட்டிங்” என்று கேட்டால் போதும், அவர் தினம் பார்க்கிறவர்.

அண்ணனுக்கு நேரே போகத் தயக்கம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. உதவி எண்ணில், வீட்டிலோ டீக்கடையிலோ வந்து பேச முடியுமா என்று கேளுங்கள். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகளில் கடைசிப் படி அடுத்த குடிநோயாளிக்கு உதவுவது, அதனால் இதைப் பன்னிரண்டாம் படி வேலை என்பார்கள். பெரும்பாலும் இரண்டு பேராக வருவார்கள், தனியாக வருவதில்லை. ஆனால் அண்ணன் சம்மதித்தால் மட்டும்தான். குடும்பம் கூப்பிட்டதற்காக வந்து ஒருவரை மடக்கிப் பிடித்து உபதேசம் செய்வது அவர்கள் வழக்கம் இல்லை.

---

மாத்திரைப்பெட்டி

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வியின் கடைசி வரியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. திங்கள் முதல் ஒரேயடியாக நிறுத்துவது இவர் விஷயத்தில் ஆபத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குவாட்டர் 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கு என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 60 கிராமுக்கு மேல். இரண்டு என்றால் 120. இத்தனையையும் உடம்பு தினமும் வாங்கிப் பழகியிருக்கிறது. காலையில் கை நடுங்கி, ஊற்றினால் நிற்கிறது என்றால், மூளை அது இல்லாமல் சமநிலையில் நிற்க முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நிறுத்திய 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு ஆள், இடம் தெரியாத குழப்பம் வரும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், காய்ச்சல் ஏறும், நாடி எகிறும். இது உயிரை எடுக்கக்கூடியது. கார்த்திகையில் மாலை போடுகிறவர்களிடம் இதைப் பார்க்கலாம். மாலை போட்ட அன்றே நிறுத்தி, மூன்றாம் நாள் உளறத் தொடங்கினால் “சாமி வந்திருக்கு” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அது சாமி இல்லை, அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்க வேண்டிய நேரம். வலிப்பு, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, மூன்றில் எது வந்தாலும் 108.

ஆகவே வரிசை இப்படி: திங்களன்று நிறுத்த வேண்டாம், திங்களன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலத் துறைப் புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, வேறென்ன மாத்திரை, சர்க்கரை உண்டா. இதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அளவைக் குறைத்துச் சொல்லவே கூடாது, மருந்தின் அளவு அந்தக் கணக்கில்தான் தீர்மானமாகிறது. நடுக்கத்தை அடக்க டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு வகை மாத்திரைகளைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அவற்றைக் கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே குடிக்கவும் செய்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

பக்கத்துக் கிளினிக்கில் “உடம்பு பலவீனமா இருக்கு” என்று சொல்லி வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வதும் நம் ஊர் வழக்கம். நெடுநாள் குடித்தவர் உடம்பில் பி1 சத்து, அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். தயமின் முந்தி அல்லது கூடவே, குளுக்கோஸ் பிந்தி. டாக்டரிடம் “தினமும் குடிக்கிறவர்” என்று ஒரு வார்த்தை சொன்னால் அவரே பார்த்துக்கொள்வார். சொல்லாமல் விட்டால்தான் சிக்கல்.

இதற்காக மீட்டிங்கைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு முந்தின நாள்கூடப் போய் உட்காரலாம். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

---

ஏழரை_மணி

மாத்திரைப்பெட்டி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஏஏ மருத்துவம் பார்ப்பதில்லை, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமையும் எந்த உறுப்பினருக்கும் கிடையாது. அப்படி யாராவது “மாத்திரையும் ஒரு போதைதான்” என்று ஆரம்பித்தால் அது அவர் சொந்தக் கருத்து, காதில் வாங்க வேண்டாம்.

இனி உள்ளே நடப்பது. பத்து நிமிடம் முன்னால் போனால் நல்லது. தாமதமாக நுழைந்தால் எல்லாக் கண்ணும் தன் மேல்தான் என்று தோன்றும். பிளாஸ்டிக் நாற்காலி, மேஜையில் சில புத்தகங்கள், சுவரில் பன்னிரண்டு படிகளும், குழுக்களுக்கான நெறிகளாகிய பன்னிரண்டு மரபுகளும் தொங்கும். தலைமை வகிப்பவர் முகவுரை வாசிப்பார். ஒரு நிமிட மௌனம், மன அமைதிப் பிரார்த்தனை, ஏதாவது ஒரு பகுதி வாசிப்பு, பிறகு ஷேரிங். ஒவ்வொருவரும் “என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கி ஐந்து பத்து நிமிடம் பேசுவார்கள். மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள், முடிந்ததும் புத்திமதியும் சொல்ல மாட்டார்கள். நம் வீட்டுப் பஞ்சாயத்துகளுக்குப் பழகியவருக்கு இந்த ஒன்றே விநோதமாக இருக்கும்.

முதல்முறை வந்தவர் யாராவது உண்டா என்று கேட்பார்கள். கையைத் தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். தூக்கினால் அன்றைய பேச்சு அநேகமாக முதல் படியை, அதாவது குடியின் முன் தன் சக்தி செல்லவில்லை என்று ஒப்புக்கொள்வதைப் பற்றியதாக, அவருக்குப் புரியும்படி திரும்பும். “நான் இன்னைக்குக் கேட்கத்தான் வந்தேன்” என்று சொன்னால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். குடிநோயாளி என்று சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அன்று குடித்துவிட்டு வந்திருந்தாலும் துரத்த மாட்டார்கள், பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வார்கள். அண்ணன் காலையில் ஊற்றிக்கொள்கிறவர் என்பதால் இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். “முழு சுத்தமாகிட்டுத்தான் போவேன்” என்று காத்திருந்து போகாமலே விட்டவர்கள் நிறைய.

பணம்: கட்டணம் இல்லை. நடுவில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும், உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், வாடகைக்கும் டீக்கும். புதியவர் போட வேண்டியதில்லை. ஏழாம் மரபுப்படி வெளியார் நன்கொடையை வாங்கவே மாட்டார்கள், நீங்கள் ஐந்நூறு நீட்டினாலும் திருப்பித் தருவார்கள்.

பெயர்: பதிவேடு இல்லை. சொந்தப் பெயரோ வேறு பெயரோ, கேட்பாரில்லை. முதலாளிக்கு யாரும் தகவல் சொல்லப் போவதில்லை. கசிவு வருவதென்றால் அது போன் வழியாகத்தான் வரும். குழுவின் வாட்ஸ்அப்பில் சேரும்போது முழுப் பெயரும் பட்டறை யூனிஃபார்மில் எடுத்த படமும் தெரியும்படி சேர்ந்தால் அறையில் காத்த ரகசியம் அங்கே போய்விடும். சேரும் முன் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். மீட்டிங் அறையில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடவும் கூடாது, பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகம் விழும்.

நீங்கள் உட்காரலாமா என்பது, திறந்த கூட்டம் என்றால் தாராளமாக. மூடிய கூட்டம் என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர் மட்டும்தான், நீங்கள் வெளியே டீக்கடையில் காத்திருக்க வேண்டும். முதல் நாளுக்குத் திறந்த கூட்டமாகப் பாருங்கள். ஆனால் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள்.

---

ஈரோட்டுப்_பாதை

கறுப்புச் சட்டை விஷயத்துக்கு மட்டும் பதில்.

சர்ச்சில் நடப்பதற்குக் காரணம் வாடகை. சாயங்காலம் காலியாக இருக்கும் ஹாலைக் குறைந்த பணத்துக்குத் தருகிறவர்கள் பாதிரியார்களும் பள்ளிக்கூடக்காரர்களும்தான். கல்யாண மண்டபமா தரும்? ஏஏ எந்த மதத்தோடும் கட்சியோடும் சேர்ந்ததில்லை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடியில் மூழ்கி எழுந்தவர்கள்.

ஆனால் படிகளில் கடவுள் என்ற சொல் இருக்கிறது, பிரார்த்தனையும் உண்டு. மறைத்துக் கூட்டிப்போனால் முதல் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுவார். முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கூடவே இதையும்: “நாம் புரிந்துகொண்டபடி” என்ற வாசகம் படிகளில் சேர்ந்ததே, ஆரம்ப நாட்களில் உள்ளே இருந்த நம்பிக்கையற்றவர்கள் சண்டை போட்டதால்தான். தன்னைவிடப் பெரிய சக்தி என்பதற்கு அந்தக் குழுவையே வைத்துக்கொள்கிற நாத்திகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒருவர் தனியாக விட முடியாததை இருபது பேர் சேர்ந்து விட்டுக் காட்டுகிறார்கள், இதில் பகுத்தறிவுக்கு ஒவ்வாதது ஒன்றுமில்லையே. பிரார்த்தனையின்போது சும்மா நிற்கலாம். உறுப்பினராகத் தேவை ஒன்றே ஒன்று, குடியை நிறுத்தும் விருப்பம். மூன்றாம் மரபு அதைத்தான் சொல்கிறது.

சில குழுக்களில் பக்தி வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பதும் உண்மை. அது அந்தக் குழுவின் சுபாவம். வேறு கிழமை, வேறு குழு பாருங்கள்.

---

அளவுகோல்

ஏஏ வேலை செய்கிறதா என்று அண்ணன் ஆதாரம் கேட்பார் போலிருக்கிறது. 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று வந்தது. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏஏ-க்கு முறைப்படி ஆற்றுப்படுத்திய சிகிச்சையில் ஓராண்டு முடிவில் முற்றாகக் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மற்றச் சிகிச்சைகளில் சுமார் 35. அதிசயம் இல்லை, ஆனால் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு இது நல்ல கணக்கு. கவனிக்க வேண்டியது, “போய்ப் பாருங்க” என்று சீட்டு எழுதிக் கொடுப்பதை இது சொல்லவில்லை. ஆளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துத் தொடரவைத்த முறையைச் சொல்கிறது.

---

திருமங்கலம்_தம்பி

எல்லாருக்கும் நன்றி. திங்கள் காலை ஆஸ்பத்திரி என்று அண்ணனிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். இரண்டு கேள்வி பாக்கி. அண்ணி ஒரு பொடி வாங்கிவைத்திருக்கிறார், குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்ததாம். கொடுக்கலாமா? இரண்டாவது, முதல் மீட்டிங்குக்குப் பிறகு என்ன?

---

மாத்திரைப்பெட்டி

கொடுக்கவே கூடாது. அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்குத்தான் வெளிச்சம். குடியை விடுவதற்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்தால், அதைச் சாப்பிட்டவர் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் அதிலேயே போய்விடலாம். டாக்டர் அதே மருந்தைக் கொடுப்பார், ஆனால் கல்லீரலைச் சோதித்து, குடிப்பவரிடமே விளக்கி, அவர் சம்மதத்தோடு. கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரமாவது கழிந்த பிறகுதான் தொடங்குவார். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். சாப்பிடுகிற காலத்தில் அரிஷ்டம், ஆசவம், சில இருமல் டானிக்குகள்கூட ஆகாது, அவற்றிலும் ஆல்கஹால் உண்டு.

பொடியைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. சாப்பாட்டில் கலந்தது ஒருநாள் தெரியவந்தால், அதற்குப் பிறகு வீட்டுச் சோற்றையே நம்ப மாட்டார்.

---

மாடிப்படி_அக்கா

அண்ணிக்குத் தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது தம்பி, அதை யாரும் சொல்லவில்லையே. அல்-அனான் என்று பெயர், குடிப்பவரின் குடும்பத்தாருக்கானது, 1951-ல் தொடங்கியது. சில இடங்களில் ஏஏ நடக்கும் அதே கட்டடத்தில் அடுத்த அறையில் நடக்கும், அதனால் இருவரும் ஒன்றாகவே கிளம்பலாம். கணவனை எப்படி நிறுத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள், அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பட்டறைக்கு “அவருக்குக் காய்ச்சல்” என்று போன் போடுவது, கைமாற்றுக் கடனை நகை வைத்து அடைப்பது, பாட்டிலைத் தேடி எடுத்துக் கொட்டுவது, இதையெல்லாம் எப்படிக் கைவிடுவது என்பதுதான் அங்கே பேச்சு. அண்ணன் ஏஏ-க்குப் போகாவிட்டாலும் அண்ணி போகலாம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று உண்டு, ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது.

---

ஏழரை_மணி

முதல் மீட்டிங்குக்குப் பிறகு என்ன என்பதற்கு: இரண்டாவது மீட்டிங். கேலிக்காகச் சொல்லவில்லை. ஒரு முறை போய் “அங்க இருக்கிறவங்க எல்லாம் பிளாட்பாரத்துல கிடந்தவங்க, நான் அந்த அளவுக்குப் போகலை” என்று திரும்பி வருவதுதான் அதிகம் நடக்கிறது. அடுத்தவர் குடித்த அளவைக் கேட்காமல், குடிக்கும்போது அவர் மனது போன போக்கைக் கேட்கச் சொல்லுங்கள், அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரே குழுவை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம், ஆறு மீட்டிங்காவது, இரண்டு மூன்று குழுக்களிலாவது பார்க்கட்டும். 90 நாளில் 90 மீட்டிங் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டர் போய்வர வேண்டியவருக்கு அது நடக்காது. வாரம் மூன்று நாள் நேரில், மீதி நாள் ஜூமில் தமிழ் மீட்டிங். எந்த நாள், என்ன லிங்க் என்று குழுவிலேயே கேட்டால் தருவார்கள். ஜூமிலும் பெயரை மாற்றிக்கொண்டு, கேமராவை அணைத்துவிட்டு உட்காரலாம்.

கிளம்பும் முன் மூன்று பேர் போன் நம்பராவது வாங்காமல் வரக் கூடாது. ஸ்பான்சர், அதாவது படிகளில் வழிகாட்டும் அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவரைப் பிறகு நிதானமாகத் தேர்ந்துகொள்ளலாம், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், ஓராண்டுக்கு மேல் குடிக்காமல் இருப்பவர், உறவுக்காரர் கூடாது. அந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டிய நேரம் குடிப்பதற்கு முன். குடித்த பிறகு ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு அழுதால் “காலையில பேசு” என்பார்கள், அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழுவில் யாரிடமும் கடன் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். சரக்கால் விலகியவர்களைவிடக் கைமாற்றால் விலகியவர்கள் குறைவில்லை.

நடுவில் ஒரு நாள் தவறினால், ஸ்லிப் என்பார்கள், மறுநாளே போகச் சொல்லுங்கள். குடிக்காத நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், நாற்காலி அப்படியே இருக்கும். தினமும் குடிக்கும் நிலைக்கே திரும்பிவிட்டால் மட்டும் மறுபடி முதலில் ஆஸ்பத்திரி.

மீட்டிங் பெரும்பாலும் ஏழு மணி வாக்கில் என்பதால், பட்டறை முடிந்து நேரே பஸ் ஏறும்போது வெறும் வயிறாக இருக்கும். பசியும் களைப்பும் சேர்ந்தால் நாக்கு தேடுவது அதைத்தான், பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கடைகளும் பத்து மணி வரை திறந்திருக்கும். ஆறு மணிக்கே ஒரு டீயும் நாலு இட்லியும் வாங்கிக் கொடுத்து, பைக்கிலேயே கூட்டிப்போங்கள். கடை இல்லாத ரோடாகப் பார்த்து.